நம் வீட்டுத் தரையில் உட்கார்ந்து பார்த்த ஒலிம்பிக்ஸ்

வீட்டில் உட்கார்ந்து ஒலிம்பிக்ஸ் பார்ப்பதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று தோழர்கள் சிலர் கேட்கலாம். பஞ்சமி நிலம், மயானப் பாதை, நீதிமன்றத்தில் வருஷக்கணக்காக இழுபடும் வன்கொடுமை வழக்குகள் என்று எழுத வேண்டியவை குவிந்து கிடக்கும்போது விளையாட்டுக் கதை எதற்கு? நியாயமான கேள்விதான். ஆனால் இந்தக் கதையும் அந்தக் கணக்கில்தான் வருகிறது. சொந்த வீட்டுத் தரையில், யாரும் 'எழுந்திருடா' என்று சொல்ல முடியாத இடத்தில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, தொண்டை வலிக்கக் கத்தி ஒரு ஆட்டத்தைப் பார்ப்பது எங்களுக்கு ரொம்பக் காலம் கிடைக்காத ஒன்று. கிடைத்த பிறகும் அது எவ்வளவு பத்திரமாக இருக்கிறது என்ற கேள்வி 2021 ஆகஸ்டில் வந்தது. அதனால் எழுதுகிறோம்.

நாங்கள் இருப்பது ஆரணிக்குப் பக்கத்தில் ஒரு காலனி. பெயர் வேண்டாம், எல்லாக் காலனியும் ஒன்றுதான். ஆரணிப் பட்டு என்றால் உங்களுக்குத் தெரியும். புவிசார் குறியீடு வாங்கிய சேலை. கமண்டல நாகநதிக் கரையில் இருக்கிற இந்த ஊரிலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் தறிச் சத்தம் கேட்காத தெரு குறைவு. எங்கள் தெருவிலும் தறி இருக்கிறது. பாவும் ஊடையும் ஜரிகையும் முதலாளி கொடுப்பார், நெய்து கொடுத்துக் கூலி வாங்குவோம். சேலையை மடித்துக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது முதலாளி வீட்டுத் திண்ணைக்குக் கீழேதான் நிற்போம். நாங்கள் மடியில் வைத்து நெய்த சேலை உள்ளே போகும், நாங்கள் வெளியே நிற்போம். எங்கே நிற்க வேண்டும், எங்கே உட்காரக் கூடாது என்பதை எங்களுக்கு யாரும் பாடம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

டிவியும் அப்படித்தான் எங்களுக்கு அறிமுகமானது. எங்களில் நாற்பதைத் தாண்டியவர்களுக்குப் பஞ்சாயத்து டிவி நினைவிருக்கும். ஊருக்குள் ஒரு சின்ன அறை, கம்பிக் கதவுக்குள் பெட்டி, சாவி ஊர்க்காரர் ஒருவரிடம். காலனிப் பிள்ளைகளை யாரும் தடுத்ததே இல்லை என்று ஊரில் இன்றைக்கும் சொல்வார்கள். தடுக்கவில்லைதான். ஆனால் சிமெண்ட் மேடையில் உட்காரக் கூடாது. கடைசி வரிசைக்கும் பின்னால், வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் நின்று பார்க்கலாம். விளம்பரம் வந்தால் ஓடிப்போய் பீடி வாங்கி வர வேண்டும். திரும்பி வரும்போது விக்கெட் விழுந்திருக்கும். 1996 உலகக் கோப்பை அரையிறுதியில், கொல்கத்தாவில் இலங்கைக்கு எதிராக இந்தியா மளமளவென்று விக்கெட்டுகளை இழந்த இரவில், எங்கள் அண்ணன் ஒருவர் ஜெயசூர்யாவைப் பார்த்து 'சூப்பரா போட்றான்யா' என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். 'காலனிக்காரனுக்கு இன்னாடா பேச்சு' என்று சட்டையைப் பிடித்தார்கள். மேடையில் உட்கார்ந்திருந்தவர்களும் அதையேதான் பேசிக்கொண்டிருந்தார்கள், ஆனால் அவர்கள் பேசலாம். தோற்கிற நேரத்தில் கோபம் யார் பக்கம் திரும்பும் என்பதை அன்றைக்கே பார்த்துவிட்டோம்.

எங்கள் அம்மாக்கள் இதையும் பார்த்ததில்லை. ராத்திரியில் ஊருக்குள் போய் மரத்தடியில் நின்று டிவி பார்க்க எந்தப் பெண்ணால் முடியும்? கிரிக்கெட் என்பது வீட்டு ஆண்கள் கோபத்தோடோ சந்தோஷத்தோடோ திரும்பி வருகிற ஒரு விஷயம், அவ்வளவுதான் அவர்களுக்கு.

2006 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில் கலைஞர் அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியது. எங்கள் காலனிக்கும் பெட்டிகள் வந்து இறங்கின. 14 இன்ச். இந்த இலவசத்தை எவ்வளவு கேலி பேசினார்கள் என்று நினைவிருக்கிறதா? மக்களைச் சோம்பேறி ஆக்குகிறார்கள், வரிப்பணம் வீண் என்றார்கள். கேலி செய்தவர்கள் வீட்டில் அப்போதே பெரிய டிவி இருந்தது என்பது வேறு விஷயம். இந்தத் திட்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். தேர்தல் அறிக்கையில் இப்படி வாக்குறுதி கொடுப்பது ஊழல் நடைமுறை ஆகாது என்று 2013 ஜூலை 5 அன்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் திட்டத்தின் அரசியல் லாப நட்டத்தை அரசியல்வாதிகள் பார்த்துக்கொள்ளட்டும். எங்கள் தெருவில் நடந்தது இதுதான்: வேப்பமரத்தடிக்குப் போவது நின்றுபோனது. யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றவில்லை. பெட்டி வீட்டுக்குள் வந்தது, நாங்கள் வீட்டுக்குள் உட்கார்ந்தோம். சம்பளமில்லாமல் பீடி வாங்கப் போகிற வேலை ஒரே வாரத்தில் முடிந்தது.

தறி இருக்கிற வீட்டில் டிவி பார்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. வீட்டில் பாதி இடத்தைத் தறி எடுத்துக்கொள்ளும். குழித் தறியில் இடுப்பு வரை கீழே இருக்கிற அக்காவுக்குத் தலையை நிமிர்த்தினால் தெரிகிற மாதிரி பெட்டியை எதிர்ச்சுவரில் பலகை அடித்து வைப்போம். தறிச் சத்தத்துக்கு மேல் கேட்க வேண்டும் என்பதால் சத்தம் முழுசாக இருக்கும். கிரிக்கெட்டைத் தறி ஓட்டிக்கொண்டே பார்க்கலாம். ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் நடுவில் நாலைந்து முறை நாடா போய் வந்துவிடும். ஹாக்கியை அப்படிப் பார்க்க முடியாது. கண்ணை எடுத்தால் பந்து எங்கே என்று தெரியாது, கண்ணை எடுக்காவிட்டால் இழை அறுந்ததும் தெரியாது, சேலையில் பழுது விழுந்தால் கூலியில் பிடிப்பார்கள். ஆகவே ஹாக்கி என்றால் தறி நிற்கும். பதினைந்து பதினைந்து நிமிஷமாக நாலு பகுதி. அந்த ஒரு மணி நேரம் கூலி கிடையாது. அந்த ஒரு மணி நேரம் எங்களுக்கே எங்களுக்கு.

டோக்கியோ ஒலிம்பிக்ஸ் 2020-இல் நடந்திருக்க வேண்டியது, கொரோனாவால் ஒரு வருஷம் தள்ளி 2021 ஜூலை 23-இல் தொடங்கியது. இரண்டாவது அலை அடித்துவிட்டுப் போயிருந்த நேரம். கல்யாணம் நடந்தால்தானே பட்டு விற்கும்? தறியில் பாவு ஏறாத வீடுகள் நிறைய. அதோடு ஆடி மாசம். பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தது, பிள்ளைகள் எல்லாம் வீட்டில். தெருவில் சாவு விழுந்த வீடுகளும் இருந்தன. ஜப்பான் நேரம் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் என்பதால் ஆட்டங்கள் காலையிலும் மதியத்திலும் வந்தன. ராத்திரி கண் விழிக்க வேண்டியதில்லை. கேபிள் இருந்த வீட்டில் தெருவே கூடியது. கேழ்வரகுக் கூழும் வெங்காயமும் வைத்துக்கொண்டு காலை எட்டு மணிக்கே உட்கார்ந்தோம்.

அந்த நாட்களின் சந்தோஷத்தைச் சொல்லியே ஆக வேண்டும். ஜூலை 30 அன்று கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடிய நாலு பேரில் மூன்று பேர் தமிழ்நாட்டுக்காரர்கள்: ரேவதி, சுபா, ஆரோக்கிய ராஜீவ். மதுரைப் பக்கத்து ரேவதி பெற்றோரை இழந்து, கூலி வேலை செய்த பாட்டியால் வளர்க்கப்பட்டவர், ஒரு காலத்தில் செருப்பில்லாத காலோடு ஓடியவர். இதைப் பிள்ளைகள் சொன்னதும் எங்கள் தெரு ஆயா ஒருவர் டிவிக்கு ரெண்டடி பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். நம் அணி அந்தச் சுற்றில் கடைசியாகத்தான் வந்தது. 'பரவால்ல விடு, அந்தக் கெழவி வளத்தது ஜப்பான் வரிக்கும் போய் ஓடிச்சில்ல' என்று அவரே தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

பெண்கள் ஹாக்கிதான் எங்களை முழுசாகப் பிடித்துக்கொண்டது. நெதர்லாந்திடம் 5-1, ஜெர்மனியிடம் 2-0, பிரிட்டனிடம் 4-1 என்று வரிசையாக மூன்று தோல்வி. 2016 ரியோவில் பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாவதாக வந்த அணி, இந்த முறையும் அவ்வளவுதான் என்றார்கள். பிறகு அயர்லாந்தைக் கடைசி நிமிடங்களில் அடித்த ஒரே கோலில் ஜெயித்தார்கள். அடுத்த நாள் ஜூலை 31, தென்னாப்பிரிக்காவோடு ஆட்டம். 4-3. அதில் மூன்று கோல் ஒரே பெண் அடித்தது. வந்தனா கட்டாரியா. ஒலிம்பிக்ஸில் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் அடித்த முதல் இந்தியப் பெண். சில மாதங்களுக்கு முன்புதான் அவருடைய அப்பா இறந்திருந்தார், பெங்களூரு பயிற்சி முகாமில் இருந்தவரால் கடைசியாக முகம் பார்க்கப் போக முடியவில்லை என்று செய்தியில் சொன்னார்கள். அந்த வருஷம் எங்கள் தெருவிலும் அப்படி முகம் பார்க்க முடியாமல் போனவர்கள் இருந்தார்கள். யாரும் ஒன்றும் பேசவில்லை. அன்றிலிருந்து வந்தனா எங்கள் வீட்டுப் பெண்ணாகிவிட்டார்.

ஒன்றைக் கவனியுங்கள். அப்போது வந்தனா என்ன சாதி என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. யாரும் கேட்கவும் இல்லை. 2016-இல் ரியோவில் சிந்து பதக்கம் வென்ற சமயத்தில் அவர் என்ன சாதி என்று கூகுளில் தேடித் தீர்த்தது இந்த நாடு. எங்கள் காலனியில் வந்தனா விஷயத்தில் அந்தத் தேடல் நடக்கவில்லை. சாதி பார்க்காமல் ஒருவரைத் தம் பிள்ளை என்று சொல்லத் தெரியாதவர்கள் தலித்துகள்தான், எல்லாவற்றையும் சாதியாகவே பார்க்கிறார்கள் என்று எங்களுக்கு அறிவுரை சொல்பவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும்.

ஆகஸ்ட் 2 காலை, கால் இறுதி. ஆஸ்திரேலியா. குர்ஜித் கவுர் அடித்த ஒரு கோல், மீதி நேரமெல்லாம் கோல் வாசலில் சவிதா. கடைசி மணி அடித்தபோது எங்கள் தெருவில் எழுந்த சத்தத்தைக் கேட்டு, ஏதோ சண்டை என்று பக்கத்துத் தெருவிலிருந்து ஓடி வந்தார்கள். இந்தியப் பெண்கள் ஹாக்கி அணி ஒலிம்பிக்ஸ் அரையிறுதிக்குப் போனது அதுதான் முதல் முறை. வாழ்க்கையில் ஒரு மேட்ச்சும் பார்க்காத பெரியம்மாக்கள் பெனால்டி கார்னர் என்றால் என்னவென்று ஒருவருக்கொருவர் விளக்கிக்கொண்டிருந்தார்கள். இதெல்லாம் மரத்தடியில் நடந்திருக்குமா?

ஆகஸ்ட் 4, புதன்கிழமை மதியம் மூன்றரைக்கு அரையிறுதி. இரண்டாவது நிமிஷத்திலேயே குர்ஜித் கோல் போட்டார். ஆனால் அர்ஜென்டினா இரண்டு போட்டு 2-1 என்று ஜெயித்தது. தோற்றோம். வருத்தப்பட்டோம். டிவியை அணைத்துவிட்டு அவரவர் வேலைக்குப் போனோம். தோல்வியோடு வேறென்ன செய்ய முடியும்?

என்ன செய்ய முடியும் என்று ரோஷ்னாபாத்தில் இரண்டு பேருக்குத் தெரிந்திருந்தது. உத்தராகண்டில் ஹரித்வாருக்குப் பக்கத்தில் இருக்கிறது ரோஷ்னாபாத், வந்தனாவின் ஊர். ஆட்டம் முடிந்த கையோடு ஆதிக்க சாதியைச் சேர்ந்த இரண்டு பேர் அவர் வீட்டு வாசலுக்கு வந்து பட்டாசு வெடித்து ஆடினார்கள். சாதியைச் சொல்லித் திட்டினார்கள். அணியில் தலித்துகள் அதிகம், அதனால்தான் தோற்றது என்றார்கள். குடும்பத்தினர் புகார் கொடுத்தார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதிவானது, கைதும் நடந்தது.

இந்தச் செய்தி செல்போனில் வந்தபோதுதான் வந்தனா எங்களில் ஒருவர் என்று எங்களுக்குத் தெரியும். நாலு நாளாக எங்களுக்குத் தேவைப்படாத தகவலை அவர்கள்தான் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

எங்களை அதிகம் உறுத்தியது அந்த வாசல். யோசித்துப் பாருங்கள். அந்தக் குடும்பமும் எங்களைப் போலத்தான் மகள் ஆடுவதைப் பார்த்து முடித்திருக்கும், தோற்றுப்போன வருத்தத்தில் இருந்திருக்கும். அந்த நேரத்தில் வாசலில் வெடிச் சத்தம். மைதானத்தில் இல்லை, தெருமுனையில் இல்லை, வீட்டு வாசலில். பஞ்சாயத்து டிவி அறையில் எங்கள் அண்ணன் சட்டையைப் பிடித்தவர்கள் அதை ஊர்ப் பொது இடத்தில் செய்தார்கள். நாங்கள் அங்கே போவதை நிறுத்தியதும் அது நின்றது. வீட்டுக்குள் வந்துவிட்டால் தப்பித்தோம் என்று நினைத்தோம். உலகமே பார்க்கிற ஒலிம்பிக்ஸில் மூன்று கோல் அடித்த பெண்ணின் வீட்டு வாசலுக்கே வர முடியும் என்றால், நம் வாசல் எம்மாத்திரம்?

இது நமக்கு மட்டும் நடக்கிறதா என்றால் இல்லை. அதே வருஷம் ஜூலை 11, லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் யூரோ கால்பந்து இறுதிப் போட்டி. பெனால்டியில் இங்கிலாந்து இத்தாலியிடம் தோற்றது. ராஷ்ஃபோர்ட், சான்சோ, சாக்கா என்ற மூன்று கறுப்பின இளைஞர்கள் பெனால்டியைத் தவறவிட்டார்கள். அன்றிரவே நிறத்தைச் சொல்லி வசை. மான்செஸ்டரில் ராஷ்ஃபோர்ட் படம் வரைந்திருந்த சுவரை நாசம் செய்தார்கள். மறுநாள் அக்கம்பக்கத்து மக்கள் வந்து, அன்பான வார்த்தைகள் எழுதிய துண்டுச் சீட்டுகளால் அந்த இடத்தையே மூடினார்கள். ஜெயித்தால் நாட்டின் பிள்ளை, தோற்றால் கறுப்பன், தோற்றால் சேரிக்காரி. லண்டனும் ரோஷ்னாபாத்தும் இதில் ஒன்றுதான்.

நம்மிடம் இது பழைய பாடம். பல்வாங்கர் பாலூ என்ற பந்துவீச்சாளரைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். தீண்டத்தகாத சாதியில் பிறந்தவர். புனேயில் வெள்ளைக்காரர்களுக்குப் பந்து போட்டுப் பழகியவர். 1911-இல் இங்கிலாந்து போன இந்திய அணியில் நூறு விக்கெட்டுகளுக்கு மேல் எடுத்தவர். அவர் கைபட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். ஆனால் ஆட்ட இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே, தனிக் குவளையில் டீ. இந்துக்கள் அணிக்கு அவரைக் கடைசி வரை கேப்டன் ஆக்கவில்லை. அவர் தம்பி விட்டலுக்குத்தான் 1923-இல் அது கிடைத்தது, அதுவும் போராட்டத்துக்குப் பிறகு. பாலூ காலத்தில் கோல் அடித்தவர் வீட்டு வாசலில் பட்டாசு வெடிக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். விளையாட்டில் சாதி இல்லை என்று சொல்பவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற 110 வருஷத்தில் எது மாறியது என்று சொல்லட்டும்.

மாறியது ஒன்று உண்டு, அதை நாங்களே சொல்கிறோம். ஆகஸ்ட் 6, வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு வெண்கலத்துக்கான ஆட்டம், பிரிட்டனோடு. அன்றைக்கு எங்கள் தெருவில் கதவுகள் எல்லாம் திறந்திருந்தன. வழக்கமாக ஒரு வீட்டில் கூடுகிறவர்கள் மூன்று வீட்டில் கூட வேண்டியிருந்தது, இடம் போதவில்லை. சத்தத்தை முழுசாக வைத்தோம். இரண்டு கோல் பின்தங்கியிருந்த அணிக்கு குர்ஜித் இரண்டு போட்டார். பிறகு இடைவேளைக்குச் சற்று முன்னால் மூன்றாவது கோல். போட்டது வந்தனா. அப்போது நாங்கள் கத்தியது கோலுக்கு மட்டும் இல்லை. வாசலில் ஆடியவர்களுக்கு அந்தப் பெண் மட்டையால் பதில் சொன்னார், நாங்கள் தொண்டையால் சொன்னோம். கடைசியில் 4-3 என்று பிரிட்டன் ஜெயித்தது. நான்காவது இடம். 1980 மாஸ்கோவுக்குப் பிறகு பெண்கள் அணிக்கு அதுவே ஆக உயர்ந்த இடம். ஆட்டம் முடிந்ததும் வந்தனா பேசினார். நாங்கள் எல்லோரும் நாட்டுக்காகத்தான் ஆடுகிறோம், சாதியைச் சொல்லிப் பேசுவது நடக்கக் கூடாது என்ற அளவில் நிறுத்திக்கொண்டார். அவருக்கு அடுத்த ஆட்டம் இருந்தது. 2022-இல் பத்மஸ்ரீ வாங்கினார். 2025 ஏப்ரலில் ஓய்வு அறிவித்தபோது 320 ஆட்டங்கள், 158 கோல்கள். இந்தியப் பெண்கள் ஹாக்கியில் அவரைவிட அதிக ஆட்டம் ஆடியவர் யாரும் அதுவரை இல்லை.

அன்று தோற்ற பிறகும் தெருவில் யாரும் டிவியை உடனே அணைக்கவில்லை. அழுகிற ஆட்டக்காரர்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் பெண் பிள்ளைகள் ரெண்டு பேர் வேலியில் வளைந்த குச்சியாகப் பார்த்து ஒடித்துக்கொண்டு வந்து தெருவில் ரப்பர் பந்தைத் தள்ள ஆரம்பித்தார்கள். கிரிக்கெட் ஆடத் தென்னை மட்டை போதும், ஹாக்கிக்கு வளைந்த குச்சி வேண்டும் என்று டிவி பார்த்துத் தெரிந்துகொண்டதுகள். ஆடுவதற்குத் தெருவைத் தவிர இடம் இல்லை. பள்ளிக்கூட மைதானம் ஊருக்குள் இருக்கிறது, விடுமுறையில் அங்கே காலனிப் பிள்ளைகள் ஆடினால் 'இங்க இன்னா வேல' என்கிறார்கள். பார்க்கிற உரிமை வீட்டுக்குள் வந்துவிட்டது. ஆடுகிற உரிமை இன்னும் வாசலுக்கு வெளியேதான் நிற்கிறது. ஒவ்வொரு காலனிக்கும் ஒரு விளையாட்டுத் திடல் வேண்டும் என்று கிராம சபையில் மனு கொடுங்கள். ஒரு தரம் கொடுத்தால் நடக்காது, நாலு தரம் கொடுங்கள். மயானப் பாதை கேட்கிற அதே மனுவில் இதையும் கேட்கலாம், வெட்கப்பட வேண்டியதில்லை.

அதுவரைக்கும் பார்ப்பதை விடாதீர்கள். அடுத்த ஒலிம்பிக்ஸ் 2028 ஜூலை 14-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்குகிறது. ஆட்டங்கள் நமக்கு ராத்திரியிலும் விடியற்காலையிலும்தான் வரும். தறி ஓடாத நேரம், கூலி போகாது. ஆடியும் பிறந்துவிடும், கூழ் இருக்கும். பெண் பிள்ளைகளை முன்வரிசையில் உட்கார வையுங்கள். வாசல் கதவைத் திறந்தே வையுங்கள், சத்தத்தைக் குறைக்காதீர்கள்.